சூளைப் புகையை மேகம் என்றவருக்கு

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து தச்சநல்லூர் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவுக்குள் செங்கல் சூளைப் புகை வாசம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரை நினைத்துச் சிரிக்கிறேன் என்று பக்கத்தில் இருந்த என் மனைவி கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். உம்மைத்தான்.

முக்கூடல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த நீர், டிக்கெட்டோடு மழையையும் கிழித்துக் கொடுத்தவர். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் நாட்களில் வானம் கருக்கொள்ளும், அதுதான் கர்ப்போட்டம், அப்போது தெற்கே ஓடுகிற கருமேகம் வரும் வருஷம் அதனதன் காலத்தில் மழையாக இறங்கும் என்பது உம் கணக்கு. அந்த நாட்களில் முதல் டிரிப்புக்கு முன்னால் பஸ் கூரைமேல் ஏறி வடக்கே பார்ப்பீர். டிரைவர் ஹாரன் அடித்தாலும் இறங்கமாட்டீர். பல வருஷம் சரியாகவே சொன்னீர், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். மாப்பிள்ளை உடன்குடி, வேலை துபாயில். லீவு முடிந்து போனால் எப்போது வருவாரோ தெரியாது. ஆற்றங்கரைத் தோப்பில் பந்தல். முகூர்த்தம் குறித்தவர் நீர். குறித்த கையோடு, அதே வாரம் ஆறு கரை தாண்டும் என்று பஸ் முழுக்கச் சொன்னவரும் நீர்! பேச்சு உடன்குடி வரை போயிற்று. இந்த லீவுக்கு வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று சம்பந்தி ஆள் அனுப்பினார். பிறகு என்றால் நடக்காது என்று எல்லாருக்கும் புரிந்தது. மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

உம்மை வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

"ஏம்வே, எம்மவ கல்யாணத்துலதான் ஒம்ம வெள்ளம் வரணுமா?"

"முகூர்த்தம் வேற கணக்கு, மழை வேற கணக்குவே. கருமேகம் தெக்க ஓடுனத ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நான் என்ன செய்ய?"

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "போன மார்கழியில எந்த வாரம் அண்ணாச்சி பாத்திய?"

சொன்னீர்.

"அந்த வாரம் எங்க அண்ணன் சூளைக்குத் தீ வச்சிருந்தாம்லா? பஸ் ஸ்டாண்டுக்கு வடக்கதான அவன் சூளை? கறுப்பாத் தெரியுறதெல்லாம் மேகமா?"

காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தீர். மறுநாள் லீவு போட்டுவிட்டு உடன்குடிக்குப் போய், சம்பந்தி வீட்டார் எல்லார் முன்னாலும், "நான் பாத்தது மேகமில்ல, பொக" என்று சொன்னீர். கல்யாணம் நிலைத்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் உமக்குப் பெயரே பொகைக் கண்டக்டர்.

கல்யாணத்தன்று அக்குளில் குடையோடு வந்தீர். தாலி கட்டும்போதுகூட நீர் பெண்ணைப் பார்க்கவில்லை, மேற்கே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசிப் பந்தி எழுந்தபின் ஒரு தென்னையில் சாய்ந்து உட்கார்ந்தீர். கண் கலங்கியிருந்தது.

"தப்பாப் போச்சுவே! நல்லவேளை, தப்பாப் போச்சு!"

தான் சொன்னது பலிக்காததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட வேறு மனுஷனை நான் பார்த்ததில்லை.

போன வாரம் என் மனைவியின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. இன்னொரு ஸ்கேன் எடுத்துவிட்டுக் காத்திருந்த நாளெல்லாம், "கறுப்பாத் தெரியுறதெல்லாம் மேகமில்ல, அவரு சொல்லுவாருல்லா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பயம் எனக்குத்தான். இன்று காலை டாக்டர், அது எப்போதோ ஆறிய பழைய தழும்பு, வேறு ஒன்றுமில்லை என்றார்.

அந்தப் புகை வாசத்தில் நான் சிரித்தபோது அவள் சொன்னாள்: "ஒரு வாரமா அவரு சொன்னாரு, அவரு சொன்னாருங்கிய. அதச் சொன்னது நான்."

அவள் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டு உடன்குடிக்குப் பஸ் ஏறியவர் நீர்.