வூட்டுக்குப் போவணும்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐதராபாத்திலிருந்து சத்யப்பிரியா எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நலமா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் வார்டில், சாரத்திலிருந்து விழுந்த ஒரு கட்டடத் தொழிலாளியைச் சேர்த்திருந்தார்கள். அவர் முனகியது இங்கே யாருக்கும் புரியவில்லை. நான் குனிந்து கேட்டேன்.

"வூட்டுக்குப் போவணும்" என்றார்.

"போவலாம் அண்ணே. எந்த ஊருங்க?"

"செந்துறை. நீ நம்மூருப் புள்ளையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே மூச்சு அடங்கிவிட்டது. நீ கவலைப்படாதே, எனக்குப் பழகிய வேலைதான்.

கொஞ்சம் புளி அனுப்பு. நான் நர்ஸான பிறகு, போனில் "சாப்பிட்டியாம்மா" என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறாய். அது வேண்டாம். "சோறு தின்னியாடி" என்று அதட்டு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்,
சத்யா