மூச்சு விடும் இடம்

கலாட்ஸ்,
ருமேனியா, அக்டோபர் 14

என் வியோரிகாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனை வைப்பதற்கு முன் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கத்தாம பேச வரலைன்னா எழுதி அனுப்பு, டோரின். எழுத்து கத்தாது." சரி, எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கப்பல் பட்டறையில் மின்கம்பி பிடித்த கை, கோணலாகத்தான் எழுதும். சிரிக்காதே.

பட்டறையில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கூடவே ஒரு மைக், ஹெட்போன், இதையெல்லாம் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்று. பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் ஒரு போலந்துக்காரர், இணையத்தில் காணொளி போடுகிறார். அவர் பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. மவுஸை எங்கே கொண்டுபோகிறார் என்று பார்த்து, நானும் அங்கே கொண்டுபோகிறேன்.

சிவப்புப் பொத்தானை அழுத்தி முதல்முறை வாசித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால், கிட்டாருக்குப் பின்னால் ஒரு உறுமல். என்னவென்று தேடினால் நம் ஃபிரிட்ஜ்! இத்தனை வருஷம் இந்தச் சத்தத்தில்தான் நாம் சாப்பிட்டோமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி வாசித்தேன், நன்றாக வந்தது. பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஔரிகா அம்மா முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிச் செய்து கொடுத்த சர்மலே முழுதும் கெட்டுப்போயிற்று. "நான் ஆக்குனத நாய்க்குப் போட்டிருந்தாலும் வாலாட்டியிருக்கும்" என்று திட்டினார்.

நம் படகுத்துறைப் பாட்டை முழுசாகப் பதிவு செய்யப்போகிறேன். நான் இங்கிருந்து கிட்டாரை அனுப்புவேன், நீ அதைக் கேட்டுக்கொண்டே பாடி அனுப்பு. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துவிடும். கல்யாண வீடுகளில் நாம் பாடினது போலவே இருக்கும்.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.

உன்
டோரின்


பாதோவா,
இத்தாலி, நவம்பர் 3

அன்புள்ள டோரினுக்கு,

கடிதம் கிடைத்தது. கோணல் எழுத்துத்தான், ஆனால் கத்தவில்லை. ஃபிரிட்ஜ் கதையைப் பூங்காவில் நம் ஊர்ப் பெண்களிடம் படித்துக் காட்டினேன். லெனுட்சா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நான் பார்த்துக்கொள்கிற கிழவி சிஞ்ஞோரா புரூனாவுக்கு இப்போது கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. கழிப்பறைக்குப் போவதற்கும் நான் தோள் கொடுக்க வேண்டும். என் பெயரை மறந்துவிட்டு, எனக்கு முன்னால் இருந்த உக்ரைன்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். முதலில் திருத்தினேன். இப்போது அந்தப் பெயருக்கே எழுந்துவிடுகிறேன்.

பாட்டா? நான் பாடி எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குத் தெரியுமா? இங்கே என் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். சிஞ்ஞோரா இருமினால் எனக்குக் கேட்க வேண்டுமாம். அனுப்பு, பார்க்கிறேன்.

ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே. சூப் வை.

வியோரிகா


கலாட்ஸ்,
டிசம்பர் 1

என் வியோரிகாவுக்கு,

கிட்டார் முடிந்தது! உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், கிடைத்திருக்கும்.

என்ன பாடு பட்டேன் தெரியுமா? நான் தந்தியைத் தட்டினால், ஹெட்போனில் சத்தம் ஒரு கணம் தள்ளித்தான் வந்தது. என் பின்னாலேயே வேறொருவன் நின்று என்னைப் போலவே வாசிக்கிற மாதிரி. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மென்பொருளின் அமைப்பில் ஒரு எண்ணைக் குறைக்க வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போயிற்று.

அடுத்தது தாளம். கம்ப்யூட்டர் காதுக்குள் டிக், டிக் என்று தட்டும், அதோடு ஒட்டி வாசிக்க வேண்டும். நான் எத்தனை தாளம் தப்பி வாசிப்பவன் என்று இப்போதுதான் தெரிந்தது. திரும்பத் திரும்ப வாசித்து, இப்போது ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஔரிகா அம்மா சுவரைத் தட்டி, "ஏம்ப்பா டோரின், ஒரே பாட்ட எத்தன தடவதான் வாசிப்ப? இன்னுமா வரல உனக்கு?" என்கிறார்.

அறையில் எதிரொலி இருந்தது. உன் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி உட்கார்ந்து வாசித்தேன். உன் கோட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன.

சீக்கிரம் பாடி அனுப்பு. ஈஸ்டருக்கு நீ வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். வருவாய்தானே?

உன்
டோரின்


பாதோவா,
ஜனவரி 12

அன்புள்ள டோரினுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. சிஞ்ஞோராவை இரண்டு முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

கிட்டார் நன்றாக இருக்கிறது. கடையில் விற்கிற பாட்டு போல இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் துணி துவைக்கிற அறைக்குள் போய், ஹெட்போன் போட்டுக்கொண்டு பாடிப் பார்த்தேன். தொடங்கியதும் சிஞ்ஞோரா கைத்தடியால் தரையைத் தட்டினார். "யாரு அங்க அழறது?" என்றார். "அழலைங்க, பாடுறேன்" என்றேன். "அப்படின்னா சரியா பாடு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பாட்டு வரவில்லை.

பிறகும் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் அடியிலேயே பின்தங்கிவிடுகிறேன். நான் மூச்சை இழுப்பதற்குள் கிட்டார் அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் நீ என் வாயைப் பார்த்துக்கொண்டே வாசிப்பாய். நான் மூச்சு எடுக்கும்வரை உன் கை அப்படியே நிற்கும். யாரும் அதைத் தப்புத் தாளம் என்று சொன்னதில்லை. இப்போது நீ சரியாக வாசிக்கிறாய், எனக்கு நுழைய இடமில்லை.

கோபமாக எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

வியோரிகா


கலாட்ஸ்,
பிப்ரவரி 9

என் வியோரிகாவுக்கு,

நீ சொன்னது சரி. அந்த டிக் டிக்கை அணைத்துவிட்டேன். உன்னை நினைத்துக்கொண்டு வாசித்தேன், நீ மூச்சு விடும் இடத்தில் நிற்கலாம் என்று.

நிற்க வேண்டிய இடம் எனக்கு நினைவில்லை, வியோரிகா.

முதல் அடி முடிந்தபின்பா, "ஆறு" என்ற சொல்லுக்கு முன்பா? உன் முகம் நினைவுக்கு வருகிறது. வாய் திறந்திருக்கிறது. ஆனால் சத்தம் எங்கே நிற்கிறது என்பது வரவில்லை. கல்யாண வீட்டில் யாராவது படம் பிடித்திருப்பார்கள் என்று விசாரித்தேன். இருந்த ஒன்றிரண்டில் கேக்கைத்தான் பிடித்திருக்கிறார்கள். நானே உன் குரலில் பாடிப் பார்த்தேன். ஔரிகா அம்மா கதவைத் தட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பனி உறைந்து தான்யூப் ஆற்றின் ஓரமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகிறேன். மற்றபடி பேசுவது அந்த மைக்கோடுதான், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று.

பாட்டின் வரிகளை எழுதி, எங்கெங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே ஒரு கோடு போட்டு அனுப்பு. அது போதும். ஈஸ்டரைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

உன்
டோரின்


பாதோவா,
மார்ச் 10

அன்புள்ள டோரின்,

சிஞ்ஞோரா புரூனா போய்விட்டார். காலையில் காபி கேட்டார், நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள், அடக்கம் நடந்தது, வீட்டைப் பூட்டினார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு என் சரியான பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பூங்காவில் லெனுட்சா, "இனிமே என்னடி? மூட்டையக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, டோரின். பெஞ்சில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. சின்ன அறை ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கட்டிலும் ஒரு நாற்காலியும்தான். ஆனால் கதவு இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை. முதல் இரண்டு நாள் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

நான் ஈஸ்டருக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வேறு யாரும் இல்லை, அதை மட்டும் நம்பு. உன்மேல் குறையும் இல்லை. பாட்டில் எனக்கென்று இடம் விட்டு நீ காத்திருக்கிறாய். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏறிப் போனவளுக்கான இடம் அது. அவளை இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. நான் மூச்சு விடும் இடமெல்லாம் மாறிவிட்டது. கோடு போட்டு அனுப்ப உட்கார்ந்தபோதுதான் இது புரிந்தது.

ஆனாலும் படகுத்துறைப் பாட்டைப் பாடியிருக்கிறேன். கிட்டார் இல்லாமல், என் போக்கில். போனுக்கு அனுப்புகிறேன். நடுவில் தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன். உனக்கு வேண்டுமென்றால் இதற்குத் துணையாகக் கிட்டார் வாசி. வேண்டாமென்றால் அழித்துவிடு.

நேரில் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் நாம் கத்தியிருப்போம்.

வியோரிகா


கலாட்ஸ்,
மே 2

அன்புள்ள வியோரிகா,

கிறிஸ்து உயிர்த்தார். உனக்கும் அங்கே நல்ல ஈஸ்டராக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். இரண்டு பக்கம். அந்த எழுத்து கத்தியது, கிழித்துப் போட்டுவிட்டேன். உன் பாட்டைக் கேட்கவும் இல்லை. கம்ப்யூட்டர்மேல் துணி போட்டு மூடிவைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் கேட்டேன். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. நன்றாக இருக்கிறது. அதற்குத் துணையாக வாசிக்க உட்கார்ந்தேன், ஈஸ்டருக்கு முன் மிச்சமிருந்த தவக்காலம் முழுதும் அதற்கே சரியாகப் போயிற்று. நீ எங்கே நிற்பாய் என்று தெரியாது, அதனால் ஒவ்வொரு அடியிலும் கையைத் தந்திமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உன் மூச்சைக் கேட்கக் காத்திருக்கும்போது கோபப்பட முடியவில்லை. முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மூன்றாம் சரணத்தில் உன் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதை நேராக்க மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. நான் தொடவில்லை. கிட்டாரின் தந்திகளைத் தளர்த்திக்கொண்டு, அந்தச் சரணத்தைத் தனியாகப் பதிவு செய்தேன். சைக்கிள் மணியையும் வெட்டவில்லை.

ஈஸ்டர் சாப்பாட்டுக்கு ஔரிகா அம்மா கூப்பிட்டார். அவர் தம்பியும் தம்பி மனைவியும் வந்திருந்தார்கள். வழக்கப்படி சிவப்புச் சாயமிட்ட ஈஸ்டர் முட்டைகளைத் தட்டி உடைத்தோம். போனில் பாட்டைப் போட்டேன். முடியும்வரை யாரும் கரண்டியைக்கூட எடுக்கவில்லை. பிறகு அந்தத் தம்பி, "அருமைப்பா! வியோரிகா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார்.

ஐந்து வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் உனக்குத் தெரியும். கோடைக்கு, கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு. அன்றைக்கும் வாய்வரை ஏதோ ஒரு மாதம் வந்துவிட்டது.

"அவ வரமாட்டா" என்றேன்.

ஔரிகா அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு ஆட்டுக்கறி வைத்தார். "தின்னு" என்றார். தின்றேன்.

பாட்டை அனுப்பியிருக்கிறேன். கேட்டுப் பார்.

டோரின்