அப்பாவுக்கு ஒரு இசைத்தட்டு

திருவானைக்காவல், 11 ஜூன் 1961, ஞாயிறு

பாத்திரம் தேய்க்கும்போது என்னையறியாமல் பாடிவிட்டேன். அம்மா பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். போன வருஷம் அப்பா காய்ச்சலில் போனதிலிருந்து இந்த வீட்டில் பாட்டு இல்லை. குளித்துக்கொண்டே தேவாரம் பாடுவார். வெளியிலிருந்து நானும் கூடப் பாடுவேன். இப்போது நான் டீச்சராக இருக்கும் ஸ்கூலில் பிள்ளைகளோடு பாடுவதுதான்.

23 ஜூன்

எங்கள் ஸ்கூல் கணக்கு வாத்தியார் கிளமென்ட் வீட்டுக்குப் புத்தூர் போனேன். அவர் மச்சான் கப்பலில் சமையல்காரர். அமெரிக்கக் கறுப்பர்கள் சர்ச்சில் பாடும் ரிக்கார்டுகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு பெண் பாடுகிறாள். வார்த்தை பாதிகூடப் புரியவில்லை. ஆனாலும் அழுகை வந்துவிட்டது. கிளமென்ட் மனைவி காப்பியை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். நல்ல மனுஷி.

2 ஜூலை

திருச்சி நத்தர்ஷா தர்கா வாசலில் ஒரு பக்கீர். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

19 ஆகஸ்ட்

ஒரு பாட்டு எழுதிவிட்டேன். அப்பா இல்லாத வீட்டைப் பற்றி. தேவாரம் போல ஆரம்பித்து எங்கெங்கோ போகிறது. கிளமென்ட் கித்தார் வாசித்துப் பார்த்தார். மெட்ராஸில் ரிக்கார்டு கம்பெனியில் ஆள் தெரியுமாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

20 ஆகஸ்ட்

சொல்லவில்லை.

மெட்ராஸ், 9 அக்டோபர்

கிளமென்டும் மனைவியும் துணைக்கு வந்தார்கள். அம்மாவிடம் ஸ்கூல் வேலை என்று பொய்.

இது பக்திப் பாட்டா, மெல்லிசையா என்று கம்பெனிக்காரர் கேட்டார். தெரியாதுங்க என்றேன். வயலின் சேர்க்கலாம் என்றார். வேண்டாம் என்றேன் — எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். பாடும்போதுதான் தெரிந்தது, அந்தப் பாட்டில் அப்பாவைவிட அம்மாதான் அதிகம் இருக்கிறாள். பேசாத அம்மா. அவளைக் கேட்காமல் ஊருக்கே சொல்கிறேனே, சரியா?

திருவானைக்காவல், 20 ஜனவரி 1962

ரிக்கார்டு வந்துவிட்டது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும். அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். என்னம்மா, திட்டவாவது திட்டேன்.

21 ஜனவரி, ஞாயிறு

சாயங்காலம் கிளமென்ட் கிராமபோனைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். தலை நிமிரவில்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றாள்.

கிளமென்ட் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பாவை ரொம்ப நல்லவராவே பாடிட்ட, குழலி. கோவக்காரர்டி அவரு. ரசத்துல உப்பு இல்லைன்னு சட்டியை உடைச்சிருக்காரு. அப்புறம் அவரே கூட்டி அள்ளினாரு. அதையும் ஒரு பாட்டுல எழுது."

எப்போது என்று கேட்டேன். நீ வயிற்றில் இருந்தபோது என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. இன்று அடுப்பு மூட்ட வெகுநேரமாகிவிட்டது.