பதினேழாம் நம்பர் சோப்பு

மேலகரம்
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் புவனேஷுக்கு, அம்மா தங்கபுஷ்பம் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சுகந்தி எழுதுவது. இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நீ கத்தாரில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் “சரிம்மா, சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். கடையநல்லூர் முகம்மது யூசுப் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார், அவரிடம் உனக்கு முறுக்கும் மிளகாய்ப்பொடியும் கொடுத்து விடுகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். நானே எழுதியிருப்பேன், என் கண்ணாடி உடைந்து ஒரு மாதமாகிறது, மாற்றித் தருவதற்கு உன் அப்பா இன்றைக்கு நாளைக்கு என்கிறார். அதனால் இவளைப் பற்றிய புகாரை இவள் கையாலேயே எழுத வைக்க வேண்டியதாகிவிட்டது. நான் வயிற்றெரிச்சல் என்று சொன்னால் இவள் மனவருத்தம் என்று எழுதி வாசித்துக் காட்டுகிறாள், அடித்துவிட்டு ஒழுங்காக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

குற்றாலத்தில் சீசன் நன்றாகத்தான் தொடங்கியது. இப்போது என்னவென்றால் மலையில் மழை கொட்டிவிடுகிறது, மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். காலையில் தடை, மத்தியானம் திறப்பு, சாயங்காலம் மறுபடியும் தடை. கடை மேசையில் நானும், பக்கத்தில் சிப்ஸ் போடுகிற குத்தாலிங்கம் அண்ணாச்சியும் மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. சீப்பு, துண்டு எல்லாம் வாங்குகிறவர்கள் குறைச்சல்தான், போகிற போக்கில் கை நீட்டுவது சோப்புக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் எண்ணெய்க்கும்தான். அருவியில் அதையெல்லாம் போடக் கூடாது என்று போர்டு தொங்குவது எனக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு போய் ரூமில் குளிப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன், நீ பாலிடெக்னிக் படித்ததும் விமானம் ஏறியதும் அந்த மேசையில் இருந்துதான்.

இந்த நேரத்தில்தான் இவள் பள்ளிக்கூடத்தில் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்போடு ஊருக்கும் உழைக்க வேண்டுமாம். மரக்கன்று நடுவார்கள், கோயில் வாசலைப் பெருக்குவார்கள் என்று நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். ரெபேக்காள் டீச்சர் இவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது எங்கே தெரியுமா, மெயினருவியில் பெண்கள் குளிக்கப் போகிற வழியில், சனியும் ஞாயிறும். என் மேசையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். பெண்கள் கையில் இருக்கிற சோப்பு, ஷாம்புவை இவர்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், கோயிலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பதுபோல் பொருளில் ஒரு நம்பரை ஒட்டி, அதே நம்பரை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், குளித்துவிட்டு வந்து கேட்டால் திருப்பித் தர வேண்டும். நம்பர் எழுதுகிற வேலை கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று உன் தங்கச்சிக்கு. கேட்டு வாங்காமல் போகிறவர்களுடையதெல்லாம் சாக்கில் சேரும், பஞ்சாயத்து வண்டி மறுநாள் சாயங்காலம்தான் வரும், அதுவரை உங்க கடையிலேயே இருக்கட்டும் என்று டீச்சரே சொல்லி, அந்தச் சாக்கு என் மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்தது.

நீயே நியாயம் சொல். பிரிக்காத சோப்பு, கிழிக்காத பாக்கெட், யாரும் கேட்டு வராதது, குப்பைக்குப் போகப்போவது. நான் நல்லதாகப் பார்த்து எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டில் ஒரு பருக்கை சோற்றைக் கொட்டினால் உன் அப்பா எப்படிச் சத்தம் போடுவார், அப்படி வளர்ந்தவள் நான். அதில் நம்பர் ஒட்டியிருந்ததைக் கண்ணாடி இல்லாமல் நான் எங்கே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் பச்சை சோப்பு ஒன்று வாங்கிக்கொண்டு நேரே இவளிடம் போயிருக்கிறாள். இவள் வாங்கி நம்பர் ஒட்டப் பார்த்தால் ஏற்கெனவே பதினேழு என்று இவள் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது. கூட நின்ற ரூபி என்கிற பிள்ளை, “ஏட்டி சுகந்தி, நேத்து நீ பிடிச்ச சோப்பு ஒன்னையத் தேடித் திரும்பி வந்திருக்குட்டி” என்று சிரித்திருக்கிறாள். டீச்சர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க, அந்த அம்மா என்னைக் கைகாட்ட, உன் தங்கச்சி என்ன செய்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா. “எங்க அம்மா கடைதான் டீச்சர், சாக்குல இருந்துதான் எடுத்திருக்காங்க” என்று அங்கேயே சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் என்னிடம் வந்து, கடைத்தெரு முழுக்கப் பார்க்க, அந்த அம்மாவுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வைத்தாள். குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும், “யக்கா, ஒரே சோப்ப எத்தன தடவ விப்பிய, எனக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடுங்க” என்று அன்றைக்கெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் என்னை ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து, “பெத்தவள நாலு பேரு முன்னால காட்டிக் குடுக்கத்தான் இந்தப் படிப்பாட்டி” என்று கேட்டேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. “வாங்குதவங்க கையில இருந்து பிடுங்கத்தாம்மா என்னால முடியுது, விக்குதது நீங்க, உங்ககிட்ட என்ன செய்ய” என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் பிடிக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். இப்போது நான் சொல்வதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உன் அப்பாவிடம் சொன்னால், லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, “அம்மையும் மகளும் என்னமும் செய்ங்க, என்னைய நடுவுல இழுக்காதிய” என்கிறார். இவளை ஐந்தருவிப் பக்கம் மாற்றிவிடவா, அம்மா கடை முன்னால் நிற்கச் சங்கடமாக இருக்குமே என்று டீச்சர் கேட்டிருக்கிறார்கள். “வேண்டாம் டீச்சர், இங்கனயே நிக்குதேன்” என்றாளாம். ரூபி வந்து சொன்னாள். பிடிவாதம் யாரைக் கொண்டு வந்திருக்கிறது என்று நீ சிரிக்க வேண்டாம்.

இப்போது காலாண்டு லீவில் சிவகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாமாம், ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டுமாம். போகலாமா கூடாதா என்று இந்த மாதக் கடைசிக்குள் டீச்சரிடம் சொல்ல வேண்டும். இதை விட்டுத்தொலை, பாடத்தைப் பார் என்று நீ போனில் ஒரு சத்தம் போட்டால் கேட்பாள், அண்ணன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை எழுதச் சொன்னேன், நான் சொன்னதைத் தப்பில்லாமல் எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு அடுத்ததுக்காகக் காத்திருக்கிறாள். எனக்குத்தான் என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துபோகிறது.

நீ ரூம் மாறிவிட்டதாக யூசுப் சொன்னார், எங்களிடம் ஏன் சொல்லவில்லை. புது ரூமில் யார் சமைக்கிறார்கள், ஏசி வேலை செய்கிறதா, போனில் விவரமாகச் சொல். குப்பூஸ் ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வேளையாவது சோறு வடி. வாரம் தவறாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. கடைக்கு வைக்க என்று வருடா வருடம் யாரிடமாவது சோப்பும் ஷாம்பு பாட்டிலும் கொடுத்து அனுப்புவாயே, இந்தத் தடவை வேண்டாம், அதற்குப் பதில் நல்ல கனமான துண்டாகப் பார்த்து அனுப்பு. யூசுப்பின் தம்பி அடுத்த மாதம் வருகிறாராம், அவரிடம் ஒரு டார்ச் லைட்டும் கொடு. முகாம் போடுகிற ஊரில் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கையாம், பெண்பிள்ளை இருட்டில் பாத்ரூமுக்குப் போக வெளிச்சம் வேண்டாமா.

மேசையை நேற்றிலிருந்து திருப்பிப் போட்டிருக்கிறேன். அருவிக்குப் போகிறவர்களைப் பார்த்து இருந்தது, இப்போது குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்களைப் பார்த்து இருக்கிறது. துண்டும் சீப்பும் முன்னால் வைத்திருக்கிறேன், சுக்குக் காபிக்கு ஒரு பிளாஸ்க் வாங்கலாமா என்று யோசனை. வேறு காரணம் ஒன்றும் இல்லை, முன்பு இருந்த பக்கம் சாரல் அடித்துப் பொருளெல்லாம் நனைகிறது, அதுதான். இவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், பார்க்காதே, எழுது என்கிறேன்.

குற்றாலநாதர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எடுத்த வேலை கைகூடட்டும், என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு. யூசுப்பிடம் முறுக்கு டப்பாவை மறக்காமல் திருப்பிக் கொடுத்து அனுப்பு, அது மூடியோடு உள்ள நல்ல டப்பா.

இப்படிக்கு
உன் அம்மா
ஆ. தங்கபுஷ்பம்

அண்ணா, அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை, மாற்றவும் இல்லை. கையெழுத்து மட்டும் அவர்களே தடவிப் பார்த்துப் போட்டார்கள். என் பக்கத்துக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறார்கள். எழுதுகிறேன்: நம் கடையில் சாரல் எல்லா வருடமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது.
சுகந்தி