லைஸ்பெத்தின் பலகை

மெக்கெலன்,
பிப்ரவரி 3, 1527

அன்புள்ள மாப்பிள்ளை கொர்னேலிஸுக்கு,

நாங்கள் நலம். ஆறு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத உங்களை இதற்கு மேல் என்ன விசாரிப்பது?

உங்கள் மகள் யோசினா, "எங்கம்மா எப்படி இருப்பாங்க பாட்டி?" என்று தினமும் கேட்கிறாள். கல்யாணமான வருஷம் உங்களையும் என் மகள் லைஸ்பெத்தையும் ஆளுக்கொரு பலகையில் வரைந்து, புத்தகம்போல் மூடித் திறக்கக் கீல் போட்டார்களே, அதில் என் மகளின் பலகையை மட்டும் கழற்றி அனுப்புங்கள். உங்கள் முகம் உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் மாமியார்,
கீர்த்ரூட்

~

லூவன்,
பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். இங்கிலாந்திலுள்ள என் அறிஞர் நண்பர் தம் ஓவியத்தை எனக்கு அனுப்பியிருந்தார். பதிலுக்கு என்னுடையதை அனுப்புவது எங்கள் வழக்கம். நான் எழுதிக்கொண்டிருக்க, என் நூல்கள் சூழ்ந்திருக்க வேண்டும் என்றார் ஓவியர். என் பலகையில் இடம் போதவில்லை. ஆகவே லைஸ்பெத்தின் பலகை மீது என் நூல் அலமாரியை நீட்டி வரையச் சொன்னேன். நல்ல ஓக் மரம், வீணாக்க மனமில்லை. அவள் முகம் என் நெஞ்சில் இருக்கிறது.

யோசினாவுக்கு என் ஓவியத்தின் நகலை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

தங்கள் பணிவுள்ள,
கொர்னேலிஸ்

~

மெக்கெலன்,
பிப்ரவரி 22

கொர்னேலிஸ் அவர்களுக்கு,

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். 'அலமாரி' என்ற இடத்தில் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பாதிரியாரிடம் காட்டினேன். "சரியாத்தாம்மா படிச்சிருக்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உங்கள் நெஞ்சில் இருக்கிறாளா? அதை இந்தக் குழந்தைக்கு எப்படித் திறந்து காட்டுவது?

படத்துக்கு உட்கார்ந்தபோது, "பல்லு தெரியக் கூடாது, அடக்கமா இரு" என்று அதட்டினீர்கள். அவள் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். யோசினாவைப் பெற முடியாமல் அவள் கதறிய அன்று பக்கத்து அறையிலிருந்து, "கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்க, எழுதிட்டிருக்கேன்" என்றீர்கள். சாயங்காலம் அவள் சத்தம் அடங்கிவிட்டது. அன்று எழுதிய புத்தகமும் அந்த அலமாரியில்தானே இருக்கும்? அவள் வாய்மேலேயே இருக்கும்.

உங்கள் படத்தைச் சுற்றியிருந்த துணியைக்கூடப் பிரிக்கவில்லை. கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். நான் கொடுப்பதைப் பார்த்து யோசினா ஓடிவந்தாள்.

"அப்பா படமா பாட்டி? அப்பா எப்படி இருப்பாரு?"

எனக்கு எதுவும் மறக்காது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

"மறந்துபோச்சுடி கண்ணு" என்றேன்.

லைஸ்பெத்தின் அம்மா