காலை எண்ணிக்கை

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் தாமதம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழிக்கிற மாதம் இது. தும்மித் தும்மியே பாதி நாள் போகிறது. கழித்ததில் மூன்றை அப்பாவுக்காக எடுத்து வைத்தேன். மூன்றுமே தப்பித்துப் போகிற கதைகள். முப்பது வருஷம் ஜெயில் வார்டராக இருந்து ஒருத்தனையும் தப்பவிடாத மனுஷர், படுக்கையில் விழுந்த பிறகு அந்தக் கதைகளைத்தான் படிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். முதலில் சிரிப்பு வந்தது.

ஒன்று, கரண்டியால் சுரங்கம் தோண்டியவன் கதை. இன்னொன்று, இரண்டு பிள்ளைகளோடு பனிமலை ஏறி எல்லையைத் தாண்டிய பெண் எழுதியது. மூன்றாவதில் ஒரு குமாஸ்தா. தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்குவான், ரயில் போனதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அது அப்பாவுக்குப் பிடிக்காது, நீ படி.

பழைய புத்தகக் கடையிலிருந்து தபாலில் வரவழைத்ததாகவே சொல். பதினெட்டு வருஷமாக என் பேச்சையே எடுக்காதவரிடம் இப்போது என் பேரைச் சொல்லி ரத்தக் கொதிப்பை ஏற்ற வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். பார்சல் வந்தது. கயிற்றை அவிழ்க்கும் முன்பே அப்பா கையை நீட்டிவிட்டார். வலது கைதான் வராதே, இடது கையால் ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறினார். அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஜெயிலுக்குள் வருகிற புத்தகத்தையெல்லாம் அப்படித்தான் சோதிப்பாராம். உள்ளே ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகே "ம், படி" என்றார்.

கரண்டிக்காரன் அவரிடம் எடுபடவில்லை. "தோண்டின மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டினானாம்? அதைச் சொல்லச் சொல்லு" என்றார். தேடிப் பார்த்தேன், புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. "எழுதினவன் உள்ள இருந்தவனே இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் ஒரு குறை உண்டு. இத்தனை பேர் தப்பிக்கிறார்களே, கிளம்பும் முன் பாலைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போனதாக ஒருத்தராவது எழுதியிருக்கிறாரா? பனிமலைக்காரி பரவாயில்லை. பிள்ளைகளின் காலுறையைத் துவைத்துக் காயப்போட ஒரு நாள் தங்கினாள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். குமாஸ்தாவைப் பற்றி எழுத மாட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் காலை ஆறு மணிக்கு, ஜெயிலில் ஆளை எண்ணுகிற மாதிரி, அப்பா "எத்தனை?" என்று குரல் கொடுப்பார். நீ போர்வைக்குள்ளிருந்து "ஒண்ணு" என்பாய், நான் "ரெண்டு" என்பேன். நீ போன நாளோடு அதை நிறுத்தியிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து இந்த இரண்டு வருஷமாக மறுபடி கேட்கிறார்.

சின்னவள்

ஜூலை 1

என் அன்புத் தங்கைக்கு,

மண் விஷயத்தை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தலைமை நூலகர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் புத்தகத்தை அவரே இரண்டு தடவை படித்தவராம்.

இத்துடன் ஒன்று அனுப்புகிறேன். தீவுச் சிறையிலிருந்து மரக்கட்டையில் மிதந்து போனவன் கதை. அட்டை பிய்ந்திருந்தது, நானே ஒட்டினேன். இவன் மண்ணே தோண்டவில்லை, அப்பா குற்றம் சொல்ல முடியாது.

ஒன்று கேட்கட்டுமா? "எத்தனை?" என்று அவர் கேட்கும்போது நீ என்ன சொல்கிறாய்?

அக்கா

ஜூலை 13

அக்கா,

என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். முதல் நாள் பழக்கதோஷத்தில் "ரெண்டு" என்றேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலைக் கொண்டுபோனால் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையும் வேண்டாம். பதினொரு மணி வரைக்கும் மல்லுக்கட்டிவிட்டு, கதவுக்கு வெளியே போய் உன் குரலில் "ஒண்ணு" என்றேன். உள்ளே வந்து "ரெண்டு" என்றேன். குடித்தார். அன்றிலிருந்து இரண்டையும் நான்தான் சொல்கிறேன்.

ஜெயிலில் காலை எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். "கணக்கு சரியாகிற வரைக்கும் மிச்சப் பேர் அத்தனை பேரும் முற்றத்துலயே நிக்கணும். தண்ணி கிடையாது, சோறு கிடையாது" என்றார். நீ அனுப்பிய ஒரு புத்தகத்திலும் இது இல்லை. ஒருத்தன் சுவர் ஏறிக் குதித்ததும் எழுதுகிறவனும் அவன் பின்னாலேயே குதித்துவிடுகிறான். முற்றத்தில் நிற்கிறவனோடு யாரும் நிற்பதில்லை.

நீ "லைப்ரரிக்குப் போய்ட்டு வர்றேன்" என்று கையில் ஒரு புத்தகத்தோடு போனாய். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. அந்த மாப்பிள்ளை உனக்கு ஆகாதவர்தான், நீ போனது தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைக் கேட்டு லைப்ரரிக்காரர் ஒரு வருஷம் என்னைத்தான் நிறுத்தி வைத்தார். அதன் பிறகு என்னை வெளியூரில் படிக்க அப்பா அனுப்பவில்லை. வந்த வரன்களையும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார். எனக்கு முப்பத்தொன்பது வயது, அக்கா. பதினெட்டு வருஷமாக முற்றத்தில் நிற்கிறேன். கால் வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி கடற்கரை ஊரில் இன்னொரு கடை திறக்கிறார். முழுப் பொறுப்பும் எனக்கு, மாடியில் தங்க அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆகஸ்ட் இருபதில் சேர வேண்டும். அப்பாவைப் பயணம் செய்ய வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ வர வேண்டும். பார்த்துவிட்டுப் போக வராதே, இருக்க வா.

சின்னவள்

ஜூலை 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது, நடுவில் விட்டு வந்தால் நன்றாக இருக்காது. "இனி என் வாசல்ல அவ கால் படக்கூடாது" என்று நான் போன புதிதில் அப்பா சொன்னதாக நீதானே எழுதினாய்? என்னைப் பார்த்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு நர்ஸ் வைக்கலாமா என்று யோசி. அடுத்த வருஷம் நீண்ட லீவு போட்டு வர முயல்கிறேன்.

உனக்காக ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். நாற்பது வயதில் வீட்டை விட்டு உலகம் சுற்றக் கிளம்பிய பெண்ணின் கதை.

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

உலகம் சுற்றியவளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு இனிமேல் புத்தகம் வேண்டாம், ஆள் வேண்டும்.

நேற்று மரக்கட்டைக்காரனை முடித்தேன். மூடி வைக்கும்போது அப்பா வாங்கிப் பார்த்தார். நீ ஒட்டிய அட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பெரியவளுக்கு ஒட்டறது எப்பவுமே கோணல்தான்" என்றார். "உங்களுக்கு எப்பத் தெரியும்ப்பா?" என்றேன். "முதல் பார்சல்லயே. முப்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக் கடிதாசையெல்லாம் படிச்சவன் நான். மேல விலாசம் எழுதின கை தெரியாதா?" என்றார். மூன்று புத்தகத்தையும் அப்படி உதறினாரே, கத்தியையா தேடினார்? நீ ஒரு வரி எழுதி வைத்திருப்பாய் என்று தேடியிருக்கிறார்.

ஆகவே அப்பாவைச் சாக்குச் சொல்லாதே. வர மாட்டாய் என்றால் வர மாட்டேன் என்று எழுதிவிடு. நான் முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

சின்னவள்

ஆகஸ்ட் 8

என் சின்னவளே,

லீவு கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன். பதினெட்டாம் தேதி பகல் பதினொரு மணி ரயிலில் வருகிறேன்.

நான் பயந்தது அப்பாவுக்கு இல்லை. அவர் திட்டினால் வாங்கிக்கொள்வேன். உன் முகத்தைப் பார்க்கத்தான் பயம். அன்று வாசலில் நின்று "எனக்கும் ஒரு புக் எடுத்துட்டு வா" என்றாய். சரி என்று தலையாட்டினேன். ஸ்டேஷன் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். ஆனாலும் ஏறிவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. புத்தகமாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா

ஆகஸ்ட் 18, காலை எட்டு மணி

அக்காவுக்கு,

இது சாப்பாட்டு மேஜையில் இருக்கும். நான் இருக்க மாட்டேன். கோபத்தில் போகிறேன் என்று நினைக்காதே. உன்னைப் பார்த்தால் அழுவேன், அழுதால் ஒரு வாரம் தங்குவேன், தங்கினால் போக மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். நீ வரும்வரை பக்கத்து வீட்டு அத்தை கூட இருப்பார். அவரிடம் கொஞ்சம் சிரித்துப் பேசு, நான் கடையில் இருக்கிற நேரமெல்லாம் அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

மாத்திரை டப்பாவில் வேளை எழுதி ஒட்டியிருக்கிறேன், நேராக. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை. முதுகில் புண் வந்தால் உன்னைச் சும்மா விட மாட்டேன். பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் போக மனசு வரவில்லை. என் பெட்டியைக் கேட்டார். கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். இடது கையை உள்ளே விட்டு, மடித்து வைத்த துணியையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவரே மூடினார். "வாசல்ல இருந்து ஓடாத. ஓடறவங்கதான் மாட்டுவாங்க. நடந்து போ" என்றார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்போது சரியாகிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை ஆறு மணிக்கு "எத்தனை?" என்று கேட்பார். நீ "ஒண்ணு" சொல், உன் குரல் உனக்குத் தெரியும். பிறகு கதவுக்கு வெளியே போய் "ரெண்டு"ம் நீதான் சொல்ல வேண்டும். நான் போனது அவருக்குத் தெரியும், ஆனாலும் கணக்கு சரியாகாமல் பால் குடிக்க மாட்டார். கொஞ்சம் சலிப்பாகச் சொல், இல்லாவிட்டால் என் குரல் இல்லை என்று திரும்பச் சொல்லச் சொல்வார்.

சின்னவள்