மூன்றாவது இலக்கம்

மார்ச் 3, செவ்வாய்

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும் என் பழைய கணினி இன்று முதல் சர்வர். அண்ணன் மகள் பிசியோதெரபி நிலையம் திறந்திருக்கிறாள். நோயாளிகள் நேரம் பதிவு செய்யும் பக்கம் இதில்தான் ஓடப்போகிறது. வாடகைக்கு சர்வர் எடுக்கலாம் என்று அவள் வீட்டுக்காரர் முனகினார். "வீட்டுல ஒரு இன்ஜினியர் இருக்கேன், வாடகை எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன். இருபத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக். அதுவும் இன்ஜினியர்தான்.

மார்ச் 4

பக்கம் திறக்கிறது. 'பதிவு செய்' என்று அழுத்தினால் பிழை ஐந்நூறு. பொத்தானுக்குப் பின்னால் இருக்கிற ஸ்கிரிப்டை, அதாவது பதிவு வேலையைச் செய்யும் குட்டி நிரலை, ஓட்ட சர்வர் மறுக்கிறது.

ஒவ்வொரு கோப்புக்கும் யாருக்கு என்ன அனுமதி என்று சொல்ல மூன்று இலக்கம். முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். ஐந்து என்றால் எழுத மட்டும் முடியாது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. எனக்குக் கஞ்சத்தனம் பிடிக்காது. எல்லாக் கோப்புக்கும் ஏழு ஏழு ஏழு.

மறுபடியும் ஐந்நூறு. சனியன்.

மார்ச் 5

சர்வர் எழுதிவைத்திருக்கும் பிழைக்குறிப்பை மனைவி படித்துச் சொன்னாள். மற்றவர்களும் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை ஓட்ட மாட்டேன் என்கிறதாம்.

"அப்போ மூணாவது ஏழ எடுத்துடுங்களேன். உங்க வாய்க்குப் போட்டிருக்கிற ஏழு ஏழு ஏழு போதாதா?"

இவளிடம் கேட்டுத்தான் நான் வேலை செய்யவேண்டுமா?

லிப்டில் கதவு சுவிட்ச் மக்கர் செய்தால் அதைச் சுற்றி ஒரு கம்பி போட்டுவிடுவேன். கதவு மூடியிருக்கிறதா என்று லிப்ட் அப்புறம் கேட்காது, ஓடும். இங்கேயும் அதே கைவேலை. பாதுகாப்புச் சோதனையை நிறுத்த ஒரே ஒரு வரி. ஓடிவிட்டது!

(அந்தக் கம்பிக்காகத்தான் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்பது வயிற்றெரிச்சல்காரர்கள் கட்டிவிட்ட கதை.)

மார்ச் 6

"சித்தப்பா, பதினாலு பேர் பதிஞ்சிருக்காங்க!" டீக்கடைக்காரரிடம் நானூறு என்று சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

அதே சர்வரில் எனக்கும் ஒரு பக்கம் போட்டேன். என் அனுபவங்கள், அறிவுரைகள். என்னைத் தெரிந்தவர்கள் என் படம் வைத்திருந்தால் ஏற்றிவைக்க ஒரு பொத்தான். யாரும் ஏற்றவில்லை. வருவார்கள்.

மார்ச் 11, புதன்

ஒருவன் ஏற்றியிருக்கிறான். படமில்லை, படம் மாதிரி பெயர் வைத்த ஸ்கிரிப்ட். சோதனையும் கிடையாது, எல்லாம்தான் ஏழு ஏழு ஏழாச்சே — அண்ணன் மகள் பக்கத்தையே மாத்தி எழுதிட்டான். பதிவுப் பொத்தான் இருந்த இடத்துல சூதாட்ட விளம்பரம். முப்பத்தொரு பேரோட பெயர், போன் நம்பர், யாருக்கு எங்க வலி — அத்தனையும் வெளிய.

வந்தாள். கத்தவில்லை.

"சோதனைய யாரு சித்தப்பா நிறுத்தினது?"

"தானா நின்னிருக்கும்மா."

"தானா நிக்குமா?"

திட்டியிருக்கலாமே? என்னமோ கெட்டுப்போச்சா, திட்டு. அதுக்கு ஏன் அப்படிப் பார்க்கணும்?

மார்ச் 12

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முப்பத்தொரு பேருக்கும் போன் செய்தாள். "எங்க தப்புதாங்க, மன்னிச்சுடுங்க." முப்பத்தொரு தடவையும் எங்க, எங்க. ஒரு தடவைகூட சித்தப்பா தப்பு என்று சொல்லவில்லை. அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேர் இனி வரமாட்டோம் என்றுவிட்டார்களாம்.

எழுந்துபோகும்போது சர்வரின் தலைமைக் கடவுச்சொல்லைக் கேட்டாள். கொடுத்தேன். உடனே மாற்றினாள், என் கண்ணெதிரே.

மார்ச் 15

என் பக்கம் இல்லை. சோதனை மறுபடி ஓடுகிறது. "வேற இடம் பாக்குற வரைக்கும் மெஷின் இங்கயே இருக்கட்டும் சித்தப்பா. நீங்க கை மட்டும் வைக்காதீங்க."

கரண்ட் என்னுடையது. வீடு என்னுடையது. கை மட்டும் கூடாது.

மார்ச் 21, சனி

கை வைக்கவில்லை. எட்டித்தான் பார்த்தேன். ஏழு, ஐந்து, பூஜ்யம். உரிமையாளர் அவள். குழுவில் மாப்பிள்ளை. என் பெயரில் நுழைந்து அவள் கோப்பைத் திறந்தேன்: அனுமதி இல்லை.

மற்றவர்கள் என்றால் யாரோ தெருவில் போகிறவன் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் டீக்கடைக்காரர் கேட்டார்: "என்ன இன்ஜினியர் சார், சர்வர் எப்படி ஓடுது?"

"பிரமாதமா ஓடுது. கண்டவன் யாரும் உள்ள நுழைய முடியாது" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.